ஐந்து அங்குலம் உயர்ந்த பால் வண்டி

எழுபதுகளின் கடைசியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையை விட்டு இறங்கிய மறு வாரம், திருத்தணியில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிநூல் கடையில் பதினாறு வருஷம் நூல் சிட்டம் எண்ணிக்கொண்டிருந்தேன். கடை மூடியதும், ராணுவ ஏலத்தில் வந்த பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிப் பால் ஏற்றும் வேலைக்கு வந்துவிட்டேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சின்ன லீவர் ஒன்றைத் தள்ளினால் போதும், சேற்றிலும் மணலிலும் எருமை மாதிரி நிதானமாக நடக்கும். அதனால் மற்ற வண்டிகள் போக முடியாத ஆறு ஊர்களைப் பால் சங்கத்தில் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஐந்து ஊர்களால் தொல்லையில்லை. ஆறாவது, ஆந்திர எல்லையை ஒட்டிய சின்ன ஊர். இருபத்து மூன்று வீடு, முப்பத்தெட்டு கறவை. அங்கே மாலைக் கறவை மட்டும்தான் எடுப்போம். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. ஓடையில் இறங்க, கரையை வெட்டி விட்ட ஒரே ஒரு வண்டிப் பாதை. அந்தப் பாதையின் நடுவில், தண்ணீர் ஓரமாக, ஒரு கல். கல் என்று சொன்னால் போதாது, பூமிக்குள்ளிருந்து முளைத்த பாறையின் தலை அது. ஊர்க்காரர்கள் அதைப் பெயர்க்கப் பார்த்து இரண்டு கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். மாட்டு வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. என் வண்டி கடக்கும்போது மட்டும் அடியில் 'ணங்' என்று இடிக்கும். இரண்டு மாதத்தில் பலமாக இடித்தது மட்டும் பதினோரு முறை. ஒரு தடவை அடிப்பாகம் விரிசல் விட்டு, பாதி வழியில் ஆயில் முழுவதும் ஒழுகிவிட்டது.

சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்பவே இப்படி. ஓடையில தண்ணி வந்தப்புறம் வண்டி நடுவுல நின்னுச்சுன்னா வண்டியும் போச்சு, பாலும் போச்சு. மழைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா அந்த ஊர் பால் சென்டர மூடிடுவோம்."

அன்று மாலை ஊரில் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. ஒற்றை மாடு வைத்திருந்த ஒரு அம்மா அளவுச் செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"சென்டர் மூடினா மாட்ட வித்துட்டு கூலிக்குத்தான் போவணும் நைனா," என்றார். "ரெண்டு பொண்ணும் இந்தப் பால்லதான் படிச்சிகினு கீதுங்க."

மறுநாள் ஸ்கேலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லின் உயரம் ஒன்பது அங்குலம். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து எட்டே கால். முக்கால் அங்குலம்தான் குறை. ஒரு அங்குலம் தூக்கினால் போதும் என்றது கணக்கு. நான் பயந்தவன். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று ஐந்து அங்குலம் என எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அரக்கோணம் ரோட்டில் இருந்த பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஜீப், ராணுவ வண்டி என்றால் அவரைத்தான் சொல்வார்கள். ஓடைக் கல்லில் வண்டி இடிப்பதைச் சொன்னேன்.

"இன்னா சார், எது இடிக்குது?"

"அடி இடிக்குது பாய். வண்டிய தூக்கணும்."

"அடின்னா எது?"

"அடின்னா அடிதான்."

அவர் சிரித்தார். நோட்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"கணக்கு ஷோக்காத்தான் கீது சார். ஆனா கல்ல நான் பார்க்கலியே. ஸ்பிரிங்குல பட்டை போடணுமா, கட்டை வைக்கணுமா, ஒண்ணுமே வேணாமான்னு கல்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை கடை லீவு. தொழுதுட்டு சாயங்காலம் நேரா ஓடைக்கு வரேன்."

"ஆங், வாங்க," என்றேன். வண்டியைக் கிளப்புவதற்குள் என் மனம் மாறிவிட்டது. கல்லில் பார்க்க என்ன இருக்கிறது? உயரம்தான் நோட்டில் இருக்கிறதே! மேற்கே தினமும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாள் காத்திருக்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகள் பதினேழு ஏறி இறங்கினேன். வண்டியைத் தூக்க மூன்று வழி சொன்னார்கள். ஸ்பிரிங்கில் இன்னும் சில பட்டைகளைச் சேர்ப்பது, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது, ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கும் ஷாக்கிள் என்ற இணைப்பை நீளமாகப் போடுவது. எது நல்லது என்று கேட்டேன். "எல்லாமே நல்லதுதான் சார்," என்றார் கடைக்காரர். நான் மூன்றையும் வாங்கினேன். லாரிப் பட்டை ஆறு, கட்டை நான்கு, ஷாக்கிள் நான்கு, போல்ட்டு எட்டு. எண்ணிக்கை சரியாக இருந்தது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூட்டையோடு பாசஞ்சரில் ஏறினேன். மணவூரில் ஏறிய ஒருவர் மூட்டையில் கால் இடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னா சார், ரயிலுக்கே ஸ்பிரிங் மாத்தப் போறீங்களா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது.

புதன்கிழமை வண்டியைக் கனகம்மாசத்திரத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பட்டறையில் விட்டேன். கொண்டு வந்ததைக் கேள்வி கேட்காமல் மாட்டித் தருபவர்கள். வியாழன் இரவு வண்டி வந்தது. உள்ளே ஏற எனக்கு ஒரு கல் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. உயர்ந்த அளவு சரியாக ஐந்து அங்குலம்.

வெள்ளிக்கிழமை காலை மற்ற ஊர்களுக்குப் போனேன். பட்டைகள் இரும்பு உலக்கை மாதிரி விறைப்பாக இருந்தன. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. சங்கத்தில் பால் பரிசோதிப்பவர் கேன் மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் மஞ்சள் மஞ்சளாகத் திப்பி ஒட்டியிருந்தது.

"பால் கேட்டா வெண்ணெ கடைஞ்சி எடுத்தாந்துகீறீங்களே!" என்றார்.

எனக்கு உறைக்கவில்லை. கல்லைத் தாண்டினால் போதும் என்றிருந்தேன்.

மூன்று மணிக்கு ஓடைக்கு வந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். கல்லை நடுவில் விட்டு, வழக்கம்போல மெதுவாக ஏற்றினேன்.

ணங்.

அதே சத்தம். அதே இடம். இறங்கிப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை. வேறு ஏதோ கல் புரண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் போய் ஒன்பது கேன் ஏற்றினேன். உயர்ந்த வண்டி ஓடையைத் தாண்டும் அழகைப் பார்க்க ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடவே நடந்து வந்தார்கள்.

திரும்பும்போது கல்லின் பக்கமே போக எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, இடது சக்கரங்களைக் கரைச் சரிவில் ஏற்றிப் போகலாம் என்று நினைத்தேன். பழைய உயரத்தில் இருந்தால் ஒருவேளை போயிருக்கும். இப்போது வண்டி மரத்தின் மேல் கட்டிய பரண்போல இருந்தது. சரிவில் ஏறியதும் முழுவதும் வலது பக்கம் சாய்ந்தது. கேன்கள் உருண்டன. நான்கு கேன் ஓடையில் விழுந்து மூடி தெறித்தது. என் பக்கத்துக் கதவின் வழியாகத் தண்ணீர் எனக்கு நேர் கீழே தெரிந்தது.

"சாயுது, சாயுது! தொங்குங்கடீ!" என்று ஒரு குரல். பெண்கள் ஓடிவந்து இடது பக்கப் பலகையைப் பிடித்துத் தொங்கினார்கள். அந்த ஒற்றை மாட்டு அம்மாவும் அதில் இருந்தார். நான் ஸ்டியரிங்கை இடது பக்கமாக, மேட்டை நோக்கி இழுத்தேன். வண்டி இன்னும் சாய்ந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி, தலையில் தொப்பி. பட்டறை பாய்.

"சார்! பள்ளத்துப் பக்கம் ஒடிங்க! மேட்டுக்கு இழுக்காதீங்க, பள்ளத்துக்கு ஒடிங்க!"

விழப்போகும் பக்கமே வண்டியைத் திருப்பச் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் ஒடித்தேன். வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு, சரிவிலிருந்து வழுக்கி இறங்கி, தண்ணீரில் நான்கு சக்கரத்திலும் நின்றது. பலகையில் தொங்கியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். எண்ணினேன். ஒருவருக்கும் அடியில்லை.

ஓடை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடைக்குப் பாலபிஷேகம் பண்ணிட்டியே நைனா," என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இழந்தது அவர்கள் பால். எனக்கு அழுகைதான் வந்தது.

பாய் வண்டியைச் சுற்றி வந்து அந்த லாரிப் பட்டைகளைப் பார்த்தார். நான் வேறிடம் போய்விட்டேன் என்பது பார்த்தவுடனே தெரிந்திருக்கும். வர வேண்டாம் என்றுகூட நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. வெயிலில் எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒட்டகத்துக்குப் பால் கேன் கட்டிகீறீங்க சார்," என்றார். அவ்வளவுதான். பிறகு அந்த வெள்ளைச் சட்டையோடு ஈர மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். "நீங்களும் வாங்க. வந்து படுங்க."

படுத்தேன். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கும், சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரம் அதற்குள்தான். முன் அச்சிலும் ஒன்று உண்டு, அது ஓரமாக இருப்பதால் தப்பித்துவந்தது. பின் உருண்டையின் அடியில் பளபளவென்று புதுக் கீறல்.

"இதான் இடிக்குது. ஸ்பிரிங் எது மேல குந்திகினு கீது பாருங்க. அச்சு மேல. ஸ்பிரிங்க தூக்கினா பாடிதான் மேல போவும். இந்த உருண்டை சக்கரத்தோட சேர்ந்தது சார். சக்கரம் பெருசானாத்தான் இது ஏறும்."

சட்டைப் பையில் ஸ்கேல் இருந்தது. படுத்தபடியே அளந்தேன். எட்டே கால். ஐந்து அங்குலம் தூக்கிய பிறகும் எட்டே கால்! நான் கல்லை அளந்தேன், வண்டியை அளந்தேன், ஆனால் எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். லாரிப் பட்டை ஆறையும் கழற்றினார், கட்டைகளையும் எடுத்துவிட்டார். இரும்புக் கடைக்கு இந்த முறை அவரும் வந்தார். என் வண்டிக்கு உரிய அகலத்தில், அதே வளைவில் பட்டை தேடினார். ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு சுத்தியலால் தட்டினார். மணி மாதிரி கேட்டால் வைத்துக்கொண்டார், செத்த சத்தம் வந்தால் தள்ளிவிட்டார். உள்ளே விரிசல் இருந்தால் அப்படித்தான் கேட்குமாம். முப்பத்தொன்றைத் தட்டி நான்கு தேறின, ஸ்பிரிங்குக்கு ஒன்று வீதம். டயர் ஒரு சுற்றுப் பெரியதாகப் போட்டார். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கத்தான் அந்த ஒற்றைப் பட்டையும் கொஞ்சம் நீண்ட ஷாக்கிளும். ஸ்பிரிங்கில் தூக்கியது மொத்தம் ஒன்றரை அங்குலம். நான் வாங்கி வந்த ஷாக்கிளில் ஒரு ஜோடி உதவியது என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"காலி வண்டியில அளக்காதீங்க," என்று ஒன்பது கேனிலும் தண்ணீர் நிரப்பி ஏற்றிய பிறகே ஸ்கேலை எடுக்கவிட்டார். டயர் பெரியதானதில் உருண்டை இப்போது ஒன்பதரையில் இருந்தது. கல் ஒன்பது. நடுவில் அரை அங்குலம். என்னைப் போன்ற ஆளுக்கு அரை அங்குலத்தில் எப்படி நிம்மதி வரும்? இரண்டு ராத்திரி புரண்டேன்.

மூன்றாம் நாள் மழை வந்துவிட்டது. ஓடையில் முழங்கால் தண்ணீர், கல் மூழ்கிக் கண்ணுக்குத் தெரியவில்லை. போகும்போது பாய் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எதிர்க்கரையில் அந்த ஊரே குடையும் கோணிப்பையுமாக நின்றது. கல் நடுவில் வருகிறது என்று கரை அடையாளத்தை வைத்து நிதானித்து, முதல் கியரில் விட்டேன். முன் சக்கரம் தாண்டியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் இரைச்சல், எஞ்சின் உறுமல், வேறொன்றுமில்லை. பின் சக்கரமும் ஏறிக் கரையில் நின்ற பிறகும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தாண்டி ரொம்ப நேரமாச்சு சார். பிரேக்க விடுங்க," என்றார் பாய்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள்கூட அந்த ஊர்ப் பால் நிற்கவில்லை. சென்டர் மூடப்படவில்லை. ஒற்றை மாட்டு அம்மா அடுத்த பொங்கலுக்குள் ஒரு கிடேரிக் கன்றையும் சேர்த்துக் கட்டினார்.

வெகுநாள் கழித்து ஒரு தடவை பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் உங்களுக்குக் காத்திருக்கல பாய். வேற எடம் போயிட்டேன். தெரிஞ்சும் ஏன் அவ்வளவு செஞ்சீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "வரேன்னு சொல்லியிருந்தேனே சார்," என்றார்.

எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டால், அவர் சொன்ன நாள் முடியும்வரை காத்திருக்க அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது, அப்படிக் காத்திருந்ததில் வராமல் போனவர்களைவிட வந்தவர்களே அதிகம்.