எக்ஸ்ரே அக்காவும் மூன்று துளைகளும்

துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைத் தடவிச் சோதித்து அனுப்புவதுதான் அவள் வேலை. பட்டன் பொட்டலம், ஜிப் உருளை, லேஸ் சுருள் என்று அவள் கையில் சிக்காதது இல்லை. ஒருமுறை ஒருத்தி முழுச் சட்டையையே இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து மாட்டினாள். நடை கொஞ்சம் மாறினாலும் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். தையல் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டிலும் அதே கண்தான். கடைக்காரர் எடை போட்டால் குனிந்து தராசின் அடியைப் பார்ப்பாள். பள்ளி வேன் ஓட்டும் கணவர் தாமதமாக வந்தால் எதுவும் கேட்க மாட்டாள். நேராகப் போய் வேனின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாள். "ஆறிப் போயிருக்கே, எங்க நிறுத்தி வச்சிருந்தீங்க?" என்பாள். பாவம், பக்கத்துத் தெருவில் நின்று நண்பரோடு பேசிக்கொண்டிருந்திருப்பார்.

இப்படிப்பட்டவள் தன் உடம்பை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மாதவிடாய் வந்தால் நிற்பதாயில்லை. நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. ஒருநாள் வாசலில் ஒரு பெண்ணைச் சோதிக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வர, விழாமல் இருக்க அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். உள்பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருந்த நூல்கண்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். எக்ஸ்ரே அக்கா அதை வாங்கும் நிலையில் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. பையையே எடுத்துடலாம். ஒரு பொண்ணு இருக்குல்ல? இனிமே அது எதுக்கு?"

அந்த 'எதுக்கு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் அவள் அக்கா.

அக்கா இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். பல வருஷம் முன்பு அவளுக்கும் இதே மாதிரி உதிரப்போக்கு. கட்டியை எடுக்கிறோம் என்று சொல்லித்தான் வயிற்றைக் கிழித்தார்கள். அதன்பின் மாதவிடாய் வரவே இல்லை. கேட்கப் போனால், "அதையும் சேர்த்து எடுத்தாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். மாமாவிடம் சொன்னார்களாம்; மாமா அக்காவிடம் சொல்லவில்லை. அதிலிருந்து அக்கா தன் உடம்பைப் பற்றிப் பேசினால், "உள்ள ஒண்ணும் இல்லடி, காலிப் பெட்டி" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். தங்கைக்குத்தான் கேட்கச் சகிக்காது.

அதனால் எக்ஸ்ரே அக்கா அந்த ஆஸ்பத்திரிப் படி மறுபடி ஏறவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். குட்டையான உருவம், கரகரத்த குரல்.

"பையை எடுக்க வேண்டியதில்லம்மா. ஆரஞ்சுப் பழம் அளவுக் கட்டி. அதை மட்டும் எடுத்துடலாம். வயித்தக் கிழிக்கவும் வேண்டாம். சின்னதா மூணு ஓட்டை போதும்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ சந்தேகம்தான் வந்தது. அங்கே எல்லாத்தையும் எடுக்கணும் என்கிறார்கள், இங்கே ஓட்டை போதும் என்கிறார்கள். ரெண்டில் ஒருத்தர் பொய் சொல்கிறார்.

"ஓட்டை போட்டு என்ன பண்ணுவீங்க?"

"தொப்புள்கிட்ட ஒரு ஓட்டை வழியா கேமரா போகும். மத்த ரெண்டுல கருவி. கேஸ் அடிச்சு வயித்த லேசா உப்ப வச்சுக்கிட்டு, டிவில பாத்துக்கிட்டே பண்ணுவோம்."

"கேஸா?"

"அடுப்பு கேஸ் இல்லம்மா. பயப்படாதீங்க."

"கட்டி ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்குன்னீங்க. ஓட்டையில விரல்தான் நுழையும். அப்புறம் எப்படி வெளிய வரும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி. உள்ளயே ஒரு பைக்குள்ள போட்டு, துண்டு துண்டா நறுக்கி எடுப்போம்."

"நறுக்கிட்டா எது கட்டி, எது கர்ப்பப்பைன்னு யாருக்குத் தெரியும்?"

கணவர் அவள் முழங்கையை மெல்ல இடித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"தெரியும்மா. கட்டி வெள்ளையா, ரப்பர் மாதிரி கெட்டியா இருக்கும். இன்னொண்ணும் சொல்லிடறேன். ரத்தம் நிக்கவே இல்ல, உயிருக்கு ஆபத்துங்கற நிலைமை வந்தா பையை எடுக்க வேண்டி வரலாம். வயித்தத் திறக்கவும் வேண்டி வரலாம். ரொம்ப அபூர்வம். ஆனா முன்னாடியே சொல்லணும்."

வெளியே வந்ததும் கணவரிடம் சொன்னாள்: "பாத்தீங்களா? பின்வாசலத் திறந்து வச்சுக்கிட்டே பேசறாங்க."

"மூடி வச்சு ஏமாத்தறவங்க இதைச் சொல்லவே மாட்டாங்களே?" என்றார் அவர். அது நியாயமாகப் பட்டதால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ரத்தம் ஊற சில வாரம் ஊசி போட்டார்கள். அந்த நாட்களில் அவளுக்கு ஒரே கவலை. ஆபரேஷன் நடக்கும்போது தூங்க வைத்துவிடுவார்கள். தன் கண் பார்க்காமல் ஒரு பொருள் வெளியே போகப் போகிறது, அதுவும் தன் வயிற்றிலிருந்து. அக்காவைக் காவலுக்கு இருக்கச் சொன்னாள். "ஆபரேஷன் ரூம் பக்கம் என்னால வர முடியாதுடி. அந்த வாடையே எனக்கு ஆகாது" என்று அக்கா மறுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது கணவர்தான். எடுப்பதை அவரிடம் காட்ட வேண்டும் என்று டாக்டரிடம் வாக்கு வாங்கினாள்.

"கண்ணால பாக்கணும். நிறம், அளவு எல்லாம் பாத்து வைங்க. எனக்குச் சொல்லணும்," என்று அவரிடம் உருவேற்றினாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

கண் விழித்தபோது வயிற்றில் மூன்று சின்ன ஒட்டுகள்தான் இருந்தன. ஆனால் வலி வேறெங்கோ இருந்தது.

"வலது தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலிக்குது. கீழ போட்டுட்டீங்களா என்னை?"

நர்ஸ் சிரித்தாள். "யாரும் போடலக்கா. உள்ள அடிச்ச கேஸ் மிச்சம் இருந்தா தோள்ல வலிக்கும். தானா போயிடும்."

வயிற்றில் அடித்த கேஸ் தோளுக்கு எப்படிப் போகும்? நம்புகிற மாதிரியா இருக்கிறது? கணவர் உள்ளே வந்ததும் முதல் கேள்வி கேட்டாள்.

"காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"என்ன நிறம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தைத் தினமும் வாசலில் பார்ப்பவள் அவள்.

"செவப்பா... பெருசா, உருண்டையா இருந்துச்சு."

வெள்ளை என்றாரே டாக்டர்? துண்டு துண்டாக வரும் என்றாரே? சிவப்பாக, முழுசாக வெளியே வந்தது எது?

அவள் அழவில்லை; சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்தபோது மெல்ல விசாரித்தாள். "வெள்ளையா துண்டு துண்டா இருந்துச்சுக்கா. உங்க வீட்டுக்காரருக்குத் தட்டுல வச்சுக் காட்டினேனே" என்றாள் நர்ஸ். ஒரே பொருளுக்கு ரெண்டு சாட்சி, ரெண்டு நிறம். பேசி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காலையில் டாக்டர் வந்து, "எல்லாம் நல்லா முடிஞ்சுது, கர்ப்பப்பை பத்திரமா இருக்கு" என்றார்.

"ஸ்கேன்ல காட்டுங்க."

"இப்ப வயித்துல கேஸ் இருக்கும்மா, படம் தெளிவா வராது. அடுத்த வாரம் வாங்க, காட்டறேன்."

அதெப்படி, கேட்கும்போது மட்டும் கேஸ் குறுக்கே வந்து நிற்கிறது?

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வாரமும் அவள் கணவரோடு சரியாகப் பேசவில்லை. மாமா அக்காவிடம் மறைத்த மாதிரி இவரும் மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துக் குடித்தாள். மகள் கேலி செய்தாள்: "விஷம் வைக்கிற அளவுக்கெல்லாம் அப்பாவுக்கு விவரம் கிடையாதும்மா." தோள்வலி தானாகவே போயிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கணவரோடு போனாள். அக்காவும் கூட வந்தாள். ஸ்கேன் அறையில் அந்த வாடை இருக்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உள்ளே வந்தாள். டாக்டர் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதோ பாருங்க, கர்ப்பப்பை. இந்த இடத்துலதான் கட்டியை எடுத்துத் தையல் போட்டிருக்கு."

சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

"இது என் வயிறுதான்னு எப்படி நம்பறது? பழைய படத்தைப் போட்டுக் காட்டினா எனக்கென்ன தெரியும்?"

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "இருமுங்க" என்றார்.

இருமினாள். திரையில் இருந்தது துள்ளியது. மறுபடி இருமினாள், மறுபடி துள்ளியது. தையல் சுள்ளென்று வலித்தது. வலியைப் பார்க்காமல் இன்னொரு முறையும் இருமிப் பார்த்தாள்.

"போதும்மா, தையல் பிரிஞ்சுடப் போகுது."

அவள் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். "அப்ப செவப்பா உருண்டையா நீங்க பாத்தது என்ன?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எங்க பாத்தேன்? அந்த நர்ஸ் தட்டு மேல இருந்த துணியை எடுத்ததும் கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் தரையில உக்காந்துட்டேன். தண்ணி தெளிச்சாங்க. பாக்கலன்னு சொன்னா நீ சண்டைக்கு வருவியேன்னு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரம்மா, எனக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்வீங்களா? உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்."

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கடைசி நோயாளியும் போன பிறகு அக்காவைப் படுக்க வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கர்ப்பப்பை இல்லம்மா. அதை எடுத்திருக்காங்க. ஆனா சினைப்பை ரெண்டும் அப்படியே இருக்கு. நல்லாவே இருக்கு."

"அதையும் எடுக்கலையா?"

"எடுக்கல."

அக்கா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "எடுத்ததையும் சொல்லல, விட்டதையும் சொல்லல," என்றாள். அவள் குரல் உயர்ந்து தங்கை கேட்டதே இல்லை, அன்று உயர்ந்தது. "அந்த மனுஷன் வரட்டும் இன்னிக்கு." மாமாவுக்கு அன்று வீட்டில் என்ன நடந்தது என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது மாமாதான்.

கட்டியைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அடுத்த மாதவிடாய் அளவாக வந்து, அளவாக நின்றது. எக்ஸ்ரே அக்கா வாசல் வேலைக்குத் திரும்பினாள். அன்று நூல்கண்டோடு அழுத பெண் வரிசையில் வந்தபோது, அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது.

"உனக்கும் ரொம்பப் போகுதா?"

பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

"டாக்டர்கிட்ட போ. சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வராத, கேள்வி கேளு." சொல்லிவிட்டு, "கையைத் தூக்கு" என்று சோதனையைத் தொடர்ந்தாள்.