மூக்கில் வைத்த விரல்

என் கணவர் மூக்கு நோண்டுவார். கல்யாணமாகி பம்பாய் தாராவிக்கு வந்த முதல் வாரத்தில் அவரைப் பற்றி நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

மூக்கு நோண்டாத மனிதர் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் நோண்டுகிறவள்தான். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது முந்தானையால் முகம் துடைக்கிற சாக்கில் விரல் உள்ளே போய்விட்டு வந்துவிடும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அது ஒரு நொடி வேலை. அவர் செய்தது அப்படியில்லை. காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். சவரக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து, சுண்டுவிரல் நகத்தால் கால் மணி நேரம் குடைவார். கையில் ஒரு துணித்துண்டு இருக்கும். வேலை முடிந்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அந்தத் துணியை ஒரு நாளும் என்னிடம் துவைக்கத் தந்ததில்லை.

"என்ன செய்யுதீய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பிள்ள, தூசி. பட்டறையில ஒரே தூசி" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அவர் ஒரு முலாம் பட்டறையில் வேலை பார்த்தார். சைக்கிளின் ஹாண்டில்பார், குளியலறைக் குழாய் போன்றவற்றைத் தொட்டியில் முக்கியெடுத்துப் பளபளவென்று ஆக்குகிற இடம். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே தூசி இருக்கும்தான். ஆனால் தூசிக்கு ரத்தம் வருமா? ஒருநாள் குளிக்கப் போனபோது சட்டையை ஆணியில் மாட்டியிருந்தார். பைக்குள்ளிருந்த துணியை எடுத்துப் பிரித்தேன். காய்ந்து கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவப்பும். மறுபடியும் நாலாக மடித்து இருந்தபடியே வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.

அதன் பிறகு அவரைக் கவனிப்பதே என் வேலையாகிவிட்டது. தூங்கும்போது அவர் மூக்கிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. விரல் கணுக்களில் மிளகு அளவில் வட்டமான குழிகள் இருந்தன, யாரோ கருவி வைத்துக் குடைந்தெடுத்த மாதிரி. ஆறவே இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது ஒரு குழிக்குள் மிளகாய்க் குழம்பு பட்டது. நமக்கென்றால் உயிர் போய்விடும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். 

பக்கத்து அறையில் எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு மூக்குல என்ன? எப்பப் பாத்தாலும் விரல உள்ள விட்டுக்கிட்டே திரியுதாரு."

"தூசியாம்க்கா."

"தூசியா? பெரிய வியாதிக்காரனுக்கு மூக்குதான் முதல்ல போவும். உள்ளுக்குள்ள அரிச்சு, அப்புறம் சப்பையா அமுங்கிரும். கையில புண்ணு இருக்கா? வலிக்குதாமா?"

நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்கும். குஷ்டம் என்ற சொல்லை எங்கள் ஊரில் வாயால் சொல்லமாட்டார்கள். பெரிய வியாதி என்றுதான் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்டவர் குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய பிரசங்கம். பிரசங்கம் முழுக்க ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்தபடி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரியும், தெரிந்தே மறைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அவர் குடிக்கிற டம்ளரைத் தனியாக வைத்தேன். அவர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கடைசியில் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். உடம்பு சூடு என்று சொல்லி என் பாயை வாசலோரமாகப் போட்டேன். பகலில் பெட்டி மறைவில் உட்கார்ந்து ஒரு இன்லண்டு லெட்டரில் அப்பாவுக்கு எழுதினேன். இவருக்குப் பெரிய வியாதி இருக்கும்போல் தெரிகிறது, கல்யாணத்துக்கு முன்பே இருந்ததா என்று விசாரியுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம். அவ்வளவுதான் எழுதினேன்.

அப்பா ஊரில் தபால்காரர். அந்தக் கடிதத்தை வேறு யார் கையும் படாமல் அவரே பையிலிருந்து எடுத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் காக்கிக் கோட்டோடும் தகரப்பெட்டியோடும் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாப்ள" என்றார்.

"வாங்க மாமா. ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லா, நான் தாதர் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே" என்றார் அவர். சொல்லும்போது அவர் கண் என் பக்கம் ஒரு முறை திரும்பியது.

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் அவர் தண்ணீர் பிடிக்கப் போனார். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கையக் காட்டுங்கன்னு நேரா கேட்டா மாப்ள காட்டுவாரா? காட்டமாட்டாரு. ஏட்டி, அந்த வியாதி இருந்தா சூடு தெரியாதாம். நீ டீயக் கொண்டா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

டீயைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றாமல் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தவள் நான்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அவர் அப்பாவுக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா டம்ளரை வாங்கினார். "அப்புறம் மாப்ள, மழையெல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே கையைச் சாய்த்தார். முழு டம்ளரும் அவர் வலது பாதத்தில் கொட்டியது.

"ஐயோ! கொன்னுட்டீயளே மாமா!" என்று அவர் துள்ளி எழுந்து ஒற்றைக் காலில் குதித்தார்.

அப்பா இரண்டு கைகளையும் கூப்பி மேலே பார்த்தார். "ஸ்தோத்திரம்! ஆண்டவரே, ஸ்தோத்திரம்!"

குதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் காலு வெந்து கெடக்கு. இதுல எதுக்கு மாமா ஸ்தோத்திரம்?"

அப்பாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கோட்டுப் பைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த நாலு வரியைப் படித்து முடிக்க வெகு நேரம் ஆனது. நான் ஒரு துணியை நனைத்து அவர் காலில் வைக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு எழுதினது இதுதானா? நான் வேற என்னமோ நினைச்சேன். ஊர்ல வேற யாரும் இருப்பான் போலன்னு நினைச்சேன்."

"சீ! என்னைப் போயி..."

"நீ என்னையப் பத்தி இப்படி நினைக்கலியா? என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"கேட்டேன். தூசின்னு சொன்னீய."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் விரித்துக் காட்டினார். "எனக்கும் அதே சந்தேகந்தான்" என்றார். குழிகள் விழத் தொடங்கியதிலிருந்து தினமும் குண்டூசியால் அந்த இடங்களைக் குத்திப் பார்க்கிறாராம். சில இடத்தில் வலிக்குமாம், சில இடத்தில் வலிக்காதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே பிடித்து நோயாளிகள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து போகவில்லையாம்.

"எப்ப இருந்து?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு வருசமா."

கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா அதைக் கணக்குப் போட்டது எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்து நின்றார். அதுவரை இருந்த மாப்ள மரியாதை போய்விட்டது.

"அப்பம் இப்படி ஒரு சந்தேகத்த மனசுல வச்சுக்கிட்டா எம்பிள்ள கழுத்துல தாலி கட்டினீரு?"

அவர் தலை நிமிரவில்லை. என் சந்தேகம் பாதி சரிதான். வியாதி இருந்ததோ இல்லையோ, மறைத்தது உண்மை.  நாளைக்கே ஊருக்குக் கிளம்பு என்று அப்பா என்னிடம் சொன்னார்.

காலையில் அவர் பாதம் பொங்கிக் கொப்புளமாகியிருந்தது. செருப்புப் போட முடியவில்லை. "பட்டறையில சொல்லாம இருந்தா இன்னைக்கே வேற ஆளப் போட்டுருவான். ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரியா?" என்று என்னிடம் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் கூட வந்தார்.

நான் அதுவரை அந்தப் பட்டறைக்குப் போனதில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. வாசலிலேயே தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஒரு நெடி. உள்ளே செங்கல் நிறத் தண்ணீர் நிறைந்த தொட்டிகள். அவற்றில் மின்சாரம் பாய்ச்சியிருந்தார்கள். தண்ணீர் நுரைத்துப் பொங்கி, அதன்மேல் மஞ்சளாக ஒரு புகை நின்றது. டீ வேளை போலிருக்கிறது. ஐந்து ஆண்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சுவரைப் பார்த்து, ஒருவன் மூட்டைக்குப் பின்னால், ஒருவன் தொட்டி மறைவில், இன்னும் இருவர் முதுகோடு முதுகாக. ஐந்து பேர் மூக்கிலும் விரல். ஐந்து பேர் கையிலும் துணித்துண்டு.

அவர்கள் யாராலும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. வாசலில் நின்ற எனக்கு மட்டும் ஐந்து பேரும் தெரிந்தார்கள்.

ஒரு பெண் வந்து நிற்பதைக் கண்டதும் ஐந்து துணிகளும் ஐந்து பைகளுக்குள் போய்விட்டன.

பட்டறை முதலாளி சேட் ஓடி வந்தார். அப்பாவின் காக்கிக் கோட்டைப் பார்த்து ஏதோ சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார். "ஆயியே சாப், பைட்டியே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவசரமாகப் போய் ஜன்னலைத் திறந்தார். அந்த ஜன்னல் திறந்து எத்தனை வருஷமோ, ஒட்டடை கொத்தாக விழுந்தது. அப்பாவுக்கு இந்தி தெரியாததால் மிடுக்காகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் மூட்டைக்குப் பின்னால் இருந்தவரிடம் போனேன். நரைத்த மீசைக்காரர், எங்கள் பக்கத்து முகம்.

"அண்ணாச்சி, கையக் கொஞ்சம் காட்டுங்க."

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "யாரும்மா நீ? எதுக்குக் கேக்க?"

என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அவர் மனைவி நான் என்றேன். "அவருக்கு விரல்ல குழி குழியா விழுந்திருக்கு. மூக்குல ரத்தம் வருது. உங்களுக்கும் அப்படியா?"

அவர் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. மற்ற நால்வரும் எங்களையே பார்த்தார்கள். கடைசியில் தொட்டியோரம் நின்ற ஒருவன் மெதுவாகத் தன் கையை நீட்டினான். அதே மிளகுக் குழிகள். அதைப் பார்த்து இன்னொருவன் நீட்டினான். மீசைக்கார அண்ணாச்சி கடைசியாகத்தான் காட்டினார். அவர் கையில் குழிகள் அதிகம்.

"எனக்கு மட்டுந்தான்னுல்லா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வருஷக்கணக்காக ஒரே தொட்டியைச் சுற்றி வேலை பார்த்த ஆட்கள். மூக்கைப் பற்றி ஒருவனிடம் ஒருவன் எப்படிப் பேசுவது என்று வெட்கப்பட்டே அத்தனை பேரும் ஆளுக்கொரு பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அவர் வர முடியாததைச் சேட்டிடம் சொல்லும்படி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது அப்பா ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. "ஏட்டி, ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அவரை ஒரு பக்கம் அப்பாவும் மறு பக்கம் நானும் தாங்கிக்கொண்டு பஸ் ஏற்றினோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்ததுமே முலாம் பட்டறையா என்று இந்தியில் கேட்டார். பிறகு சின்ன டார்ச் விளக்கை அவருடைய வலது நாசிக்குள் அடித்து, என்னை மறு நாசியைப் பார்க்கச் சொன்னார். இடது நாசிக்குள் வெளிச்சம் தெரிந்தது. நடுச்சுவரில் ஒரு ஓட்டை. தொட்டிப் புகை அரித்தது, குஷ்டம் இல்லை, யாருக்கும் தொற்றாது, ஆனால் ஓட்டை இனி மூடாது என்றார். மூக்கில் வாஸலின் தடவச் சொன்னார், நகத்தால் நோண்டாதே என்றார், அந்த வேலையை விடச் சொன்னார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். அப்பா அவர் கையைப் பிடித்து, "மாப்ள, அந்த டீ..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க மாமா. நான் பண்ணினது அத விடப் பெரிசு" என்றார் அவர்.

அப்பா நாலு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனார். நான் போகவில்லை. அவரை உடனே மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். கல்யாணத்துக்கு முன் சொல்லாமல் விட்டது பல மாதம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வேறென்ன மறைத்திருப்பார் என்று பெட்டியைக் குடைந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருந்ததில்லை.

மற்ற ஐந்து பேரின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு வீட்டில் மனைவி அவனை நெருங்க விட்டே ஒரு வருஷமாகியிருந்தது, கெட்ட சகவாசத்தால் வந்த வியாதி என்று நினைத்தாளாம். இன்னொரு வீட்டில் செய்வினை என்று தாயத்துக் கட்டியிருந்தார்கள். மீசைக்கார அண்ணாச்சியின் மனைவி நான் சொன்னதை நம்பவே இல்லை. புருஷனை வேலையை விட்டு விரட்டச் சேட்டுதான் என்னை அனுப்பியிருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இவர் அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த வேலையை விட்டார். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை கிடைத்தது, நாங்களும் அந்தப் பக்கமே குடி மாறினோம். விரல் குழிகள் தழும்பாகிவிட்டன. மூக்கு மட்டும் அப்படியேதான் இருந்தது. காலையில் பொருக்கை எடுத்தே ஆக வேண்டும். இப்போது சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தலையை அண்ணாந்துகொள்வார். நான் துணித்திரியில் வாஸலின் தொட்டு எடுத்துக் கொடுப்பேன்.

"இன்னும் கொஞ்சம் மேல இருக்கா, பாரு" என்பார். நான் குனிந்து பார்த்துச் சொல்வேன்.