மண்டபத்தைக் கழுவச் சொன்னவன்

எங்கள் ஊரில் ஒரு தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்பது வாரம் நடந்தது என்று சொன்னால் இப்போது உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. அதுவும் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள். பக்கத்துக்கு ஐந்து பேர், மொத்தம் ஆறு அணிகள், எல்லோரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். நடத்தியது சென்னைக் கம்பெனி ஒன்று. பைபாஸில் ஏ.சி. மண்டபங்கள் வந்த பிறகு இந்த மண்டபத்தில் முகூர்த்தம் விழுவதே அபூர்வம். கூரை உயரம், நடுவில் தூண் கிடையாது, ஆட்டக்காரர்கள் தங்க ஆசிரமம் பக்கம் அறைகள் உண்டு. மொசைக் தரையின்மேல் மரப்பலகைகளைக் கோத்து ஆடுகளம் போட்டார்கள். மணவறை வைக்கும் இடத்தில் ஒரு கோல் கம்பம் வந்து நின்றது.

எனக்கும் அதில் ஒரு வேலை கிடைத்தது. நான் பட்டிமன்றங்களில் மூன்றாவது பேச்சாளன். அதாவது, நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்போது பேச எழுந்திருப்பவன். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்கும் என்பதுதான். மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டேன் என்கிற ஒரே தகுதியில் அறிவிப்பாளனாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு கம்பெனி கொடுத்த தாளை நான் படிக்க வேண்டும். அவசர வழி எங்கே இருக்கிறது, வண்டிகளை எங்கே நிறுத்த வேண்டும், கடைசியாக, "களத்தின் மேல் தண்ணீர் சிந்தாதீர்கள், பலகை வீங்கிவிடும்." முப்பது தடவையாவது படித்திருப்பேன். 'பலகை' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டால் கம்பீரமாக இருக்கிறது என்றுகூடக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

என் மனைவியின் தம்பி அந்த லீக்கில் ஓர் அணியின் கோல்கீப்பர். கீழ்பென்னாத்தூரில் நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். அவனுக்கு வயது முப்பத்து நாலு. தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டராக இருந்தவன், லீக்குக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். நான்தான் ஏற்றிவிட்டேன் என்று மாமனார் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் ஏற்றிவிடவில்லை. ஆனால் ஒருவன் வாழ்க்கையைத் திருப்பிவிடும் அளவுக்கு எனக்குச் செல்வாக்கு உண்டென்று அவர் நம்பியதைக் கெடுக்க மனம் வரவில்லை.

கார்த்திகை பிறந்தபோது அவன் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்க சென்னையிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் பயிற்சியாளர் வருவதாக இருந்தார். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவருக்கு ஓர் ஆள் தேவை. இவனைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவரே போனில் பேசியிருந்தார்.

"முப்பத்தி நாலாச்சு மாமா. இனிமே எவன் என்ன ஆடக் கூப்புடப் போறான்? இந்த வேல கெடச்சுதுன்னா அறுவது வயசு வரைக்கும் பந்தோட இருந்துடுவேன். இவ்ளோ வருஷத்துல என்னப் பாக்கணும்னு ஒருத்தர் வர்றது இதான் மொதல் தடவ."

"வரட்டும்டா மச்சான். மைக்ல உன்னப் புகழ்ந்து தள்ளிடறேன்."

"நீங்க சும்மா இருந்தாலே போதும் மாமா. போன மேட்ச்ல நான் கோல் விட்டப்ப 'வாசல் திறந்தே இருக்கிறது, வருக வருக'ன்னு சொன்னீங்க. மொத்த மண்டபமும் சிரிச்சுது."

"கல்யாண மண்டபத்துல வரவேற்பு சொல்லாம இருக்க முடியுமா?"

"அக்காகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லியிருந்தான். அன்று என் தட்டில் விழுந்த சாம்பாரில் காயே இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தில் ஊரில் தலை சாய்க்க ஓர் இடம் கிடைக்காது என்பதால் லீக்குக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். அரையிறுதி, தீபம் முடிந்து வரும் சனிக்கிழமை. மண்டபத்தின் சாவி அதன் உரிமையாளரிடம் இருந்தது. நல்ல மனிதர், அறுபது வயதிருக்கும். தீபத்துக்கு மண்டபத்தைக் கழுவி, மணவறை இடத்தில் விளக்கேற்றுவது அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம். தீபத்துக்கு மூன்று நாள் முன்பு, காலையில் எனக்குப் போன் செய்தார்.

"சார், ஒரு சந்தேகம். பசங்க ஷூவோட குதிக்கிறானுங்க. மணவற வெக்கிற எடம். கழுவாம வெளக்கு ஏத்த மனசு வரல. கழுவலாமில்ல? கம்பெனிக்காரர் போன எடுக்கல. சரி, உங்கள ஒரு வார்த்த கேட்டா போதும்னு..."

என்னைக் கேட்டால் போதும் என்று ஐம்பத்திரண்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. என் வீட்டில் தேங்காய் உடைப்பதற்குக்கூட என்னைக் கேட்கமாட்டார்கள்.

"இதப் போய்க் கேக்கணுமா? தாராளமா கழுவுங்க" என்றேன்.

"தண்ணி ஜாஸ்தியா ஊத்தலாமா சார்?"

"தீபத்துக்குக் கழுவறீங்க. இதுல என்னங்க கஞ்சத்தனம்?"

போனை வைத்துவிட்டு, அந்த வாரப் பட்டிமன்றத்துக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். குடும்பத்துக்கு அதிகம் கேடு செய்வது பேச்சா மௌனமா என்பது தலைப்பு. நான் மௌனம் என்ற அணியில் இருந்தேன்.

தீபம் முடிந்த வியாழக்கிழமை கம்பெனிக்காரர் மண்டபத்தைத் திறந்தார். மச்சானும் நானும் கூடப் போனோம். உரிமையாளர் குறை வைக்கவில்லை. மோட்டார் போட்டு, குழாய் பிடித்து, சோப்புத்தூளும் மஞ்சளும் கரைத்துக் கழுவியிருக்கிறார். விளக்கேற்றிப் பூட்டிய பிறகு நாலு நாள் மழை, மூடிய கதவு. பலகைகள் அப்பளம்போல எழும்பியிருந்தன. ஒரு கோல் கம்பம் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர் பந்து ஒன்றைக் கீழே வைத்தார். அது யாரும் உதைக்காமலே உருண்டுபோய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது.

மச்சான் மண்டியிட்டு ஒரு பலகையை அழுத்தினான். அது இறங்க, பக்கத்துப் பலகை எழுந்தது. அதை அழுத்தினான். அடுத்தது எழுந்தது. இப்படியே மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழங்காலால் நகர்ந்து போனான்.

"நாளைக்கு வெயில் அடிச்சா எறங்கிடும் சார். ஃபேன் போட்டு விடலாம். சனிக்கெழம சாயந்தரந்தானே மேட்ச்?" என்றான்.

கம்பெனிக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் வாசலில் நின்றபடி, "மணவறக்கிட்ட மட்டும் ரெண்டு தடவ கழுவுனேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தவிர்க்க முடியாத காரணங்களால் சீசன் முடித்துக்கொள்ளப்படுகிறது என்று மறுநாள் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக்கூட நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கூட்டம் சேரவில்லை, கம்பெனியே விட்டுவிட்டுப் போகக் காரணம் தேடிக்கொண்டிருந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அந்தச் சமாதானத்தைப் பல நாள் மென்று பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டுமாவது ஆடியிருப்பார்கள். சென்னைப் பயிற்சியாளர் வரவில்லை. மச்சான் போன் செய்ததற்கு, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார். அடுத்த சீசன் என்று ஒன்று வரவே இல்லை.

"யாரு மாமா கழுவச் சொன்னது?" என்று டீக்கடையில் ஒருநாள் கேட்டான்.

"அவருக்கு என்னடா தெரியும், பாவம்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருபது வருடம் மேடையில் நின்றதன் பயன்.

பள்ளியில் அவன் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். இவனைப் பேருந்துப் பொறுப்பாளனாக எடுத்துக்கொண்டார்கள். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் பேருந்துக்குக் குறுக்கே ஓடாமல் கேட்டில் நின்று தடுக்க வேண்டும். ஒரு முறை அந்த வழியாக டவுன் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தான். பஸ் அங்கே நின்றது. நான் இறங்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் அக்காவுக்கென்று ஒரு பை மல்லாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நான் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வருகையில் என் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் அவனையே எடுக்கச் சொன்னேன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வணக்கம். தீபம் வருது, மண்டபம் கழுவணும். பலகையெல்லாம் எடுத்தாச்சு, வெறும் மொசைக்குதான். இருந்தாலும் போன வருஷம் உங்களக் கேட்டுத்தானே கழுவுனேன். இந்த வருஷமும் ஒரு வார்த்த கேட்டுடலாம்னு..."

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. மச்சான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தூக்கிச் சுவரில் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அதை இரண்டு கைகளாலும் பிடித்து, பத்திரமாக என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கேக்கறாரில்ல மாமா. சொல்லுங்க."

"கழுவுங்க" என்றேன்.

போனை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, மேசைமேலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "தண்ணி ஜாஸ்தியா ஊத்தலாமா சார்?"