அக்காவின் மூன்று பெரியவர்களும் என் ஒரு பொய்யும்

நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நம்மவர்கள் முதலில் புரட்டுவது வம்சாவளிப் பக்கத்தைத்தான். தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இது மறைந்த அக்காவுக்காக அச்சிடும் மலர்; எழுதுவது அவரின் தம்பி. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று சிலருக்குத் தெரியும். சிரித்ததாக இதுவரை எவரும் முறையிடவில்லை. இங்கே எனக்கு ஒரே ஒரு கடமை. அம்மாவின் நினைவு மலரில் அக்காவின் தொழிலைப் பற்றி நான் அச்சிட்ட பொய்யைத் திருத்த வேண்டும். அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான்.

அக்கா இணுவிலில், தோட்டம் செய்து வாழ்ந்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. எங்களைப் பெற்ற ஐயா பாரிசவாதத்தில் கைகால் விளங்காமல் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தவர் அக்கா. அந்த நாட்களில் நான் பார்த்தது புத்தகங்களை. போர்க்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரையைக் குண்டு போட வந்த கிபிர் விமானம் கொண்டுபோனது. பின்னர் அக்காவின் கணவரான அத்தானை நோய் கொண்டுபோனது. மிஞ்சிய ஒரே மகளைப் படிப்பிப்பதற்காக அக்கா இஸ்ரேலுக்குப் போய், பன்னிரண்டு ஆண்டுகள் முதியவர்களைப் பராமரித்தார். குளிப்பாட்டினார், ஊட்டினார், தூக்கி இருத்தினார். இதுதான் நான் மறைத்த தொழில்.

அக்கா பார்த்த மூவரும் அந்த நாட்டில் பெயர் பெற்றவர்கள். முதலாமவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. குளிக்கக் கூப்பிட்டால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் மறுதரப்பையும் கேட்பார். மறுதரப்பும் அவரே. பல நாட்கள் குளிப்பு ஒத்திவைக்கப்பட்டதாக அக்கா தொலைபேசியில் சொல்வார்.

அந்த அம்மையார் காலமானபோது அக்காவுக்குப் பெரிய ஆதங்கம்.

“ஏழு நாள் வீட்டிலை இருந்து துக்கம் காத்தவையடா. ஒரு குறையுமில்லை. ஆனால் ஒரு மலர் அடிக்கேல்லை! இவ்வளவு பெரிய மனிசிக்கு ஒரு புத்தகமில்லையெண்டால் எப்பிடி? நீ எழுது.”

எழுதினேன். பிறப்பு, கல்வி, நேர்மை எல்லாம் ஒழுங்காக வந்தன. முடிவுக்கு வந்ததும், ஊரவர்களுக்கு மலர் எழுதிக் கொடுத்த இருபது வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் ஓடிவிட்டது: “சைவ ஆசாரம் தவறாது வாழ்ந்து சிவபதம் எய்தினார்.” ஐம்பது பிரதிகள் அச்சடித்து அனுப்பியும் விட்டேன். அக்கா அதை நீதிபதியின் மகளுக்கு எபிரேய மொழியில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசி வரியில் நின்றுவிட்டாராம். ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மாவின் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார் உன் தம்பி” என்றாராம்.

இரண்டாமவர் பாலைவனத்தில் தண்ணீர் கொண்டுவந்த பொறியியலாளர். அக்கா ஒருநாள் எங்கள் கூரை போன கதையை அவரிடம் சொன்னார். அது அவருடைய நாட்டில் செய்த விமானம் என்பதையும் சொன்னார். மறுநாள் அவர் கேட்டாராம்: “உங்கள் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி?” பிறகு மருந்துப் பெட்டியின் மட்டையில் சொட்டு நீர்க் குழாய்க்கு ஒரு படம் வரைந்து அனுப்பினார். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய் பதித்ததில் முதல் வாரம் காகங்கள் நன்றாகக் குளித்தன. இப்போது அதில்தான் எங்கள் பீற்றூட் விளைகிறது.

மூன்றாமவர் வயலின் வித்துவான். பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோயிருந்தன. ஆனால் அக்கா தேவாரம் முணுமுணுத்தால், சுருதி இறங்கும் இடத்தில் விரலை உயர்த்துவார். கேட்ட எங்களில் எவருக்கும் வராத துணிச்சல்.

இனி என் பொய். அக்கா அங்கே இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு மாமி எங்கள் அம்மாவிடம் வேலியால் கேட்டார்: “கிபிர் குடுத்தவங்கடை வீட்டிலையோ உன்ரை மோள் பீ மூத்திரம் அள்ளுறாள்?” அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மாமியிட்டைச் சொல்லு, நான் பாக்கிற மனிசன் எழும்பி நிக்கவே ரெண்டு பேர் வேணும். அவர் எங்கையடா கிபிர் ஓட்டுறது?”

எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அம்மா காலமானபோது மலரில் எழுதினேன்: “மூத்த மகள் இலண்டன் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறார்.” செத்தவீட்டுக்கு வரமுடியாத அக்காவுக்கு அந்த மலரைத் தபாலில் அனுப்பியவனும் நானே. புத்திசாலித்தனம் எங்கள் குடும்பத்தில் அக்காவோடு நின்றுவிட்டது.

தொலைபேசி வந்தது. “எடேய் தம்பி, நீதிபதி அம்மாவைச் சைவமாக்கினாய், சிரிச்சன். என்னை ஏனடா லண்டனுக்கு அனுப்பினனி?”

அம்மா சாப்பிடாமல் கிடந்ததை மறுபடியும் சொன்னேன்.

“அம்மாவுக்கு வெக்கமெண்டால் எனக்கு விளங்கும். உனக்குமோ? என்ரை மலரிலையாவது ஒழுங்கா எழுது.”

ஊர் திரும்பிய பின்னும் அக்கா அந்தத் தொழிலை விடவில்லை. படுக்கையில் கிடப்பவர்களை நோகாமல் புரட்டுவது எப்படி, முதுகு புண்படாமல் காப்பது எப்படி என்று ஆறு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டினார். முதலில் ஆளனுப்பிக் கூப்பிட்டது அதே மாமிதான். மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அக்கா நோயில் விழுந்த கடைசி மூன்று மாதமும் தினம் காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டியவரும் மாமியே. “கையை உப்பிடிப் பிடியாதேங்கோ மாமி, தோள் கழண்டுபோம்,” என்று அக்கா படுக்கையில் கிடந்தபடி திருத்துவார். “சாகப்போறவள் வாயை மூடிக்கொண்டு கிட,” என்று மாமி அதட்டுவார். இருவரும் சிரிப்பார்கள். அமைதியாகவே அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

இறப்பைப் பதியப் போனோம். பதிவாளர் தொழில் என்னவென்று கேட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; இத்தனை வயதிலும் ஒரு கணம் தயங்கினேன். அக்காவின் மகள், என் மருமகள், முந்திக்கொண்டாள்.

“வயோதிபரைப் பராமரிச்சவ. இஸ்ரேலிலை பன்னிரண்டு வருசம், இணுவிலிலை ஆறு வருசம்.”

பதிவாளர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “என்ரை அம்மாவும் படுக்கையிலைதான் பிள்ளை. முதுகெல்லாம் புண். உங்கடை அம்மாவைக் கூப்பிடச் சொல்லி முந்தியே ஆரோ சொன்னவை. நான்தான் பிந்திப்போனன்.”

“நான் வாறன்,” என்றாள் மருமகள்.

அக்காவுக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துயரில் தோள்கொடுத்த இணுவில் உறவுகளுக்கும், பக்கத்து வீட்டு மாமிக்கும், அக்காவைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நடத்திய அந்த மூன்று குடும்பங்களுக்கும் எங்கள் இதயம் நிறைந்த நன்றி. இதன் கீழே மருமகளும் கையொப்பமிட வேண்டும். அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள், அவள் பதிவாளர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் இடுவாள்.