காலண்டரைப் படித்த என் வலது கண்

1999 டிசம்பரில், அடையாறில் ஒரு சிறிய மருத்துவமனையில் எனக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. புரை முற்றி வெளுத்திருந்ததால், அதன் மேலுறை தெரிவதற்காக நீலச் சாயம் செலுத்தினார்கள். ஊசிமுனை விலகி, சாயம் கருவிழிக்குள்ளேயே பாய்ந்துவிட்டது.

அன்று மாலையே டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து மறைக்காமல் சொன்னார்.

"தப்பு என்னுதுதான் சார். சாயம் தானா போயிடும். வீக்கம்தான் வடியணும். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடுங்க. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்து காட்டுங்க. விட்டா கருவிழியையே மாத்தற மாதிரி ஆயிடும்."

மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன் சும்மா இருப்பேனா? தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டர் முன்னால் போய் நிற்பேன். திங்களன்று வெறும் நீல மூட்டம். செவ்வாயன்று தேதியைப் படித்தேன். புதனன்று கிழமை. வியாழனன்று அடியில் பொடியெழுத்தில் இருக்கும் ராகு காலத்தையே படித்துவிட்டேன்! எல்லாவற்றையும் மனைவியை விட்டு டைரியில் எழுதச் சொன்னேன். மருத்துவமனைக்குப் போன் செய்து டாக்டரிடம், பார்வை நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. "ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு" என்று உரக்கப் படித்தேன்.

காபியோடு வந்த மனைவி நின்றுவிட்டாள். "ஏன்னா, எதைப் பாத்துண்டு படிக்கறேள்?"

"காலண்டரைத்தான்."

"நான் இன்னும் தாளே கிழிக்கலையே! நேத்திக்கு தேதின்னா தொங்கிண்டிருக்கு!" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "நெஜத்தைச் சொல்லுங்கோ. கண்ணு தெரியறதா, இல்லையா?"

எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்பது எனக்கு மனப்பாடம். நான் படிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறேன். கண்ணெதிரே இருந்தது திங்களன்று பார்த்த அதே மூட்டம்.

அரை மணியில் ஆட்டோ பிடித்துப் போனோம். வீக்கம் குறையவில்லை, கண்ணில் அழுத்தம் வேறு ஏறியிருந்தது. "அடுத்த வாரம் வந்திருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது சார்" என்றார் டாக்டர். மருந்தை மாற்றினார், தினமும் வரச் சொன்னார். பொங்கலுக்குள் கருவிழி தெளிந்தது. ஓரத்தில் மெல்லிய மங்கல் மட்டும் தங்கிவிட்டது.

தன் தவற்றை அன்று மாலையே ஒப்புக்கொண்ட மனிதரிடம் நான் போனில் சொன்னது பொய்யில்லை, பயத்தில் நானே நம்பிவிட்டதுதான் என்று எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்றுவரை மனம் சமாதானமாகவில்லை.