அக்கா குடிக்கவில்லை

போன வருடம் செப்டம்பர் கடைசியில், இத்தாலியின் தெற்குக் கோடியில் இருக்கும் சிசிலித் தீவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்துக் காப்பெல்லில் இருக்கிறேன். என் அக்கா சான் ஹோசேயில். ஒரே நாடு என்றுதான் பெயர், பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை. அக்காவுக்கு ஐம்பது வயது ஆனபோது, "பார்ட்டி எல்லாம் வேண்டாம்டி. நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போய் நல்லா சாப்பிட்டுட்டு வருவோம்" என்றாள். அவளுக்குச் சமையல் என்றால் உயிர். ஊர் ஊராகச் சுற்றி, பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்து, சந்தையில் காய்கறி வாங்கி, பண்ணை வீடுகளில் சமைக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு டூரை அவளே தேடிப் பிடித்தாள். கூடவே வைன் ருசி பார்ப்பதும் உண்டு. எங்கள் இருவருக்கும் குடிப் பழக்கம் கிடையாது. வாசனை பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். கையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சென்சார், சர்க்கரை இறங்கினால் அவள் போனில் அலாரம் அடிக்கும். முதல் நாளே கைடிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டாள். அவனும் நெஞ்சில் கைவைத்து, "நீங்கள் கவலையே படாதீர்கள் மேடம்" என்றான்.

பஸ்ஸில் பெரும்பாலும் அமெரிக்கர்கள். தமிழர்கள் என்று பார்த்தால் நாங்களும், எடிசன் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியும்தான். முதல் நாளே அந்த மனிதர் "நீங்க தமிழா?" என்று கேட்டு, பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், எரிமலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். காலையெல்லாம் வெயிலில் இடிந்த கோயில்களைச் சுற்றிவிட்டு எல்லோரும் பசியோடு வந்து இறங்கினோம். கூடத்தில் நீளமான மேஜை போட்டு, தட்டு, ரொட்டி, தேன் குப்பி எல்லாம் வைத்திருந்தார்கள். "பத்து நிமிடத்தில் சாப்பாடு" என்று கைடு அறிவித்தான். அக்கா பாத்ரூமுக்குப் போய் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் வெளியே வரும்போது ஏற்பாடு மாறியிருந்தது. தோட்டத்துக்காரர் முதலில் நிலவறையைக் காட்ட ஆசைப்படுகிறாராம். அங்கேயே வைனும் ருசி பார்க்கலாமாம். அதற்கு ஒரு விதி வேறு. முழுக் கவனமும் வைனில்தான் இருக்க வேண்டும், அதனால் போன், கைப்பை எல்லாவற்றையும் மேலே ஓர் அறையில் வைத்துவிட வேண்டும். அறையைப் பூட்டிவிடுவார்கள்.

அக்கா கைடிடம் போய், இன்சுலின் போட்டாயிற்று, உடனே சாப்பிட வேண்டும், இந்தப் போன் மருத்துவத்துக்கானது என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் சிரித்தான். "போனைக் கொடுக்காமல் இருக்க எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது மேடம். கொஞ்ச நேரம்தானே" என்றான். ஒரு துண்டு ரொட்டியாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். இப்போது ரொட்டி தின்றால் நாக்கு வைனுக்குத் தயாராக இருக்காதாம்.

"நீ போகாத. இங்கயே உக்காந்து சாப்பிடு. என்ன பண்ணிடுவான்?" என்றேன் நான்.

"எல்லாரும் நமக்காக நிக்கறாங்கடி. கொஞ்ச நேரம்தான, வா" என்று போனையும், குளுக்கோஸ் மாத்திரை இருந்த பையையும் கொடுத்துவிட்டாள்.

ஆபீஸில் பெரிய டீமை நடத்துகிற மனுஷி. அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றால் தன் உயிரைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவள்.

கீழே தோட்டத்துக்காரர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, தன் அப்பாவைப் பற்றி. ஒரு வைன் முடிந்து இன்னொன்று வந்தது. அக்கா ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் காரணமே இல்லாமல் சிரித்தாள். அந்தக் குளிர்ந்த அறையில் அவள் நெற்றியெல்லாம் வியர்வை. "என்னக்கா?" என்றேன். என்னவோ சொன்னாள், வார்த்தை குழறியது. கிளாஸை எடுக்கக் கை நீட்டியவள் அதைத் தட்டிவிட்டாள். சிவப்பு வைன் அவள் சட்டையில் கொட்டி, கிளாஸ் உடைந்தது. அவள் அப்படியே பீப்பாய் மேல் சாய்ந்தாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எரிமலை வைன். சிலருக்குத் தாங்காது" என்றான் கைடு. எடிசன்காரர் கையில் மட்டும் எப்படியோ போன் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே, "மேடம் ஃபுல்லா ஏத்திட்டாங்க போல. விடுங்க, வெகேஷன்தானே" என்றார்.

"அவ குடிக்கல. அவளுக்கு சுகர் லோ ஆகுது" என்று கத்தினேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் கத்தினேன். கைடு என் தோளைத் தட்டி, தண்ணீர் கொடுத்துக் காற்றாடப் படுக்க வைத்தால் தூங்கி எழுந்து சரியாகிவிடுவாள் என்றான். தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் யோசிக்க முடியவில்லை.

அவனைத் தள்ளிவிட்டுப் படியேறினேன். பையும் குளுக்கோஸ் மாத்திரையும் இருந்த அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தேட நேரமில்லை. கூடத்துக்கு ஓடி மேஜையிலிருந்த தேன் குப்பியை எடுத்தேன். பரிமாற நின்றவர் என்னைத் தடுத்து, அது கடைசியில் சீஸோடு கொடுப்பதற்கு என்றார். அவரை விலக்கிவிட்டு ஓடினேன்.

கீழே வந்து பார்த்தால் ஒரே ஒருவர் மட்டும் அக்காவின் பக்கத்தில் இருந்தார். ஊன்றுகோல் வைத்திருந்த வயதான அமெரிக்கப் பெண்மணி. மூன்று நாளாக எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர். உடைந்த கண்ணாடிக்கும் கொட்டிய வைனுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, அக்காவை நிமிர்த்தித் தன் மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். "இவள் மூச்சில் மது வாசனையே இல்லை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலில் எடுத்து அக்காவின் ஈறில் தடவினேன். முதலில் வழிந்தது. பிறகு மெல்ல விழுங்கினாள். இன்னும் கொஞ்சம். அந்தப் பெண்மணி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அக்காவின் கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

அவள் பேசிய முதல் வார்த்தை "சாரி." எல்லோரையும் பார்த்து, உங்கள் நாளைக் கெடுத்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

மேலே வந்து அவளுக்கு ரொட்டி கொடுத்து உட்கார வைத்தேன். எடிசன்காரரிடம் போய், "எடுத்த வீடியோவ என் கண்ணு முன்னாடி அழிங்க" என்றேன்.

"ஐயோ, ஜாலிக்குத்தாங்க எடுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"அழிங்க."

அழித்தார். அவர் மனைவி தலை நிமிரவே இல்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் கைடு கிளாஸை உயர்த்தி, "மேடத்துக்கு இப்போது பரவாயில்லை. நம் தீவின் வெயில் கொஞ்சம் அதிகம்தான்" என்றான். நான் எழுந்து நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி" என்றாள். நான் உட்காரவில்லை. வெயிலும் இல்லை, வைனும் இல்லை என்றேன். இவர் சாப்பாடு என்று சொன்னதை நம்பி என் அக்கா இன்சுலின் போட்டாள், ஒரு துண்டு ரொட்டி கேட்டாள், இவர் கொடுக்கவில்லை, அவள் போனையும் வாங்கிப் பூட்டினார், அவள் செத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சிரித்தீர்கள் என்றேன். முழுவதையும் சொல்லி முடித்தேன். யாரும் முள்கரண்டியைத் தொடவில்லை.

கிளம்பும்போது கைடு ரிப்பன் கட்டிய ஒரு வைன் பாட்டிலை அக்காவிடம் நீட்டினான். சமாதானப் பரிசாம். அக்கா "தேங்க் யூ" என்று கை நீட்டினாள். நான் அதை வாங்கி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் டூர் கம்பெனிக்கு எழுதினேன். தங்கள் விருந்தாளிக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துவதாகப் பதில் வந்தது. அசௌகரியமாம். அக்கா இன்னமும், "பாவம், அவனுக்கு என்ன தெரியும், விடு" என்கிறாள். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் போனில் சண்டை வராத மாதம் இல்லை.

அங்கே இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை என்று எனக்கும் தெரியும். முறுக்கு கொடுத்த கைதான் வீடியோவும் எடுத்தது. வைன் அறையில் ஒருத்தி தள்ளாடினால் அவள் குடித்திருக்கிறாள் என்று தீர்மானிக்க அத்தனை பேருக்கும் ஒரு நொடி போதுமாக இருந்தது, பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்குத்தான் தோன்றியது. இப்போதெல்லாம் கடையிலோ ரயில் நிலையத்திலோ யாராவது தடுமாறினால் நான் முதலில் அருகே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன், ஆனால் அன்றைய கோபம் மட்டும் ஆறவில்லை, அது ஆறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.