அக்காவின் மூன்றாவது கேள்வி

என் மேசை இழுப்பறையில் ஒரு சோப்பு டப்பா இருக்கிறது. அதற்குள் கருகிய ஃபோன் போர்டு ஒன்று. ஏரவாடாவில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்கு இப்படி எத்தனையோ போர்டு. எல்லாம் குப்பைக்குப் போகும். இதை மட்டும் தூக்கிப்போடக் கை வரவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தெரியாததைக் கேட்கவே பயம், சிரிப்பார்களோ என்று. பூனாவில் ஃபோன் ரிப்பேர் பார்க்கும் தமிழ் ஆட்களுக்கு ஃபோனிலேயே ஒரு குழு உண்டு. அதில் யார் சந்தேகம் கேட்டாலும் பதில் சொன்னவர் சிஞ்ச்வட்டில் இருந்த ஒரு அக்கா. நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அவரிடம் கேட்க ஒரு முறை இருந்தது. என்ன ஃபோன், என்ன ஆச்சு, நீங்க கை வச்சு என்ன பண்ணீங்க, மூன்றையும் எழுத வேண்டும். சும்மா ‘ஃபோன் டெட், ஹெல்ப்’ என்று போட்டால், “நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன், சீட்டு எடுக்க?” என்பார். மூன்றாவதை விட்டுவிட்டால்தான் நிஜமாகவே கோபம் வரும். “டாக்டர்கிட்ட போயி பாதி வயித்தைக் காட்டுவீங்களாப்பா? சொதப்பியிருந்தா சொதப்பினேன்னு சொல்லுங்க. யாரும் தூக்குல போட மாட்டாங்க.”

விமான் நகர் கேன்டீன் ஒன்றில் சமைக்கிற ஒரு அம்மா, தண்ணீரில் விழுந்த ஃபோனைக் கொண்டுவந்தார். இறந்துபோன கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் மட்டும்தான் இருந்தன. “ஃபோன் போனா போகுது தம்பி, அவர் பேசுனதை மட்டும் எடுத்துக் குடு” என்றார். சீக்கிரம் காயட்டும் என்று சூட்டுக்காற்று வைத்தேன். பதற்றத்தில் சூடு கூடி, மெமரிப் பக்கம் ஈயம் இளகியது. கண்ணால் பார்த்தேன். குழுவில் அந்தக் கணவர் குரல் வரைக்கும் எல்லாம் எழுதிவிட்டு, மூன்றாவது கேள்விக்கு ‘திறந்ததோட சரிக்கா’ என்று முடித்துக்கொண்டேன். அக்கா விடவில்லை. “சூடு காட்டலையே?” இல்லை என்றேன். “அப்ப தைரியமா மெமரி லைன்ல கரண்ட் குடுத்துப் பாருங்க.” கொடுத்தேன். ஈயம் இளகி ஒட்டியிருந்த இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. மெமரி போய்விட்டது.

அந்த அம்மா அழவில்லை. “நீயும் முயற்சி பண்ணத்தானே செஞ்சே” என்று சொல்லிவிட்டு, ஃபோனை வாங்காமலே போனார்.

முடிவைக் குழுவில் வந்து சொல்வதும் முறை. ‘எரிஞ்சிருச்சுக்கா’ என்று மட்டும் எழுதினேன். “தப்பு என்னுது. பாக்காம சொல்லிட்டேன். ஒருத்தர் குரலையே அழிச்சுட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் எழுதினார் அக்கா. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், “எனக்குத் தெரியலப்பா.” கொஞ்ச நாளில் குழுவை விட்டே போனார். நான் உண்மையை ஃபோனில் அடிப்பதும் அனுப்பாமல் அழிப்பதுமாக இருந்தேன். போன மாதம் துணிந்து அவர் எண்ணுக்குக் கூப்பிட்டால், யாரோ ஒருவர் மராத்தியில் ராங் நம்பர் என்றார்.

நேற்று குழுவில் ஒருவர் நனைந்த ஃபோனைப் பற்றிக் கேட்டார். அக்காவின் பழைய பதில் ஒன்றை யாரோ எடுத்துப் போட, “அந்தக்கா சொன்னதையா? அதைக் கேட்டு ஒரு ஃபோன் எரிஞ்சே போச்சுய்யா” என்று இன்னொருவர் கேலி செய்தார். சோப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். என்ன ஃபோன் என்று எழுதினேன். என்ன ஆச்சு என்று எழுதினேன். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. குழுவில் யாரும் படிக்காத இந்தப் பக்கத்தில், சூடு காட்டியதை இப்போது எழுதிவிட்டேன். அங்கே அந்த வரி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. டப்பாவை மூடி உள்ளே தள்ளினேன்.